இருபத்திரண்டாம் வட்டத்துக் கோட்டுகள்

கர்னல் லெம்யுவல் டார்ட் எந்தப் போருக்கும் போனவரில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து இருபத்திரண்டாம் வட்டத்தில் நீலச் சீட்டுக் கட்சிக்காக ஆறு தேர்தல் நடத்தியவர். அந்த ஆறிலும் விழுந்த ஆட்களைக் கூட்டினால் ஒரு சிறிய போருக்குக் குறையாது என்பதால், பட்டம் பொருத்தமானதென்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழாம் ஆண்டு, ஆளுநர் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவர் நான்கு சாக்கு மூட்டைகளோடு தபித்தா ப்ரூவிட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றார். தபித்தா பழைய துணி தைத்துக்கொடுப்பவள். கணவன் ஏனோக் துறைமுகத்தில் சிப்பி உடைக்கிறவன். ஆகஸ்டில் நுரையீரல் காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்து, இப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். "இன்னொரு தடவை மழையில நனைஞ்சார்னா என்னைக் கூப்பிடாதீங்க, சவப்பெட்டிக்குத் தச்சரைக் கூப்பிடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நாப்பத்தொரு கோட்டு இருக்கு, தங்கச்சி" என்றார் கர்னல். "பொத்தான் போனதுக்குப் பொத்தான், கிழிஞ்சதுக்கு ஒட்டு. ஆனா ஒண்ணு. ஒரு கோட்டு மாதிரி இன்னொரு கோட்டு இருக்கக் கூடாது. ஒண்ணுக்கு வெல்வெட்டு காலர், ஒண்ணுக்குப் பித்தளைப் பொத்தான், ஒண்ணுக்கு முழங்கையில ஒட்டு. தூரத்துலேர்ந்து பார்த்தாலும் வேற வேற ஆளுன்னு தெரியணும்."

"யாருக்குங்க இதெல்லாம்?"

"ஏழைங்களுக்கு. குளிர் வருதில்ல."

"ஏழைங்களுக்கு வெல்வெட்டு காலர் எதுக்குங்க?"

கர்னல் அவளை வருத்தத்தோடு பார்த்தார். "ஏழைன்னா ஆசை இருக்கக் கூடாதா?"

தபித்தாவுக்கு முகம் சுட்டது. யாராவது கருணையைப் பற்றிப் பேசிவிட்டால், தன் சந்தேகம்தான் அழுக்கு என்று உடனே தோன்றிவிடும் மனம் அவளுடையது. அப்படிப்பட்ட மனங்களின் மேல்தான் கட்சிகள் கட்டப்படுகின்றன என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

தைக்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. கோட்டுகள் நாற்பத்தொன்று, ஆனால் அளவுகள் ஆறே ஆறு. ஊரில் இத்தனை ஏழைகள் இருக்க, எல்லோருக்கும் சேர்த்து ஆறு உடம்புதானா? கேட்க நினைத்தாள். வெல்வெட்டு காலர் ஞாபகம் வந்தது, கேட்கவில்லை. மாறாக, பிராயச்சித்தம் போல ஒரு காரியம் செய்தாள். சாம்பல் நிறக் கோட்டு ஒன்று மற்றதைவிட நைந்திருந்தது. தன்னுடைய கதகதப்பான ஃபிளானல் பாவாடையை வெட்டி அதற்கு உள்ளே இரட்டைத் துணியாக வைத்துத் தைத்தாள். எல்லாக் கோட்டிலும் காலருக்கு அடியில் வழக்கம்போல ஒரு சிவப்பு நூல் முடிச்சுப் போட்டாள். அது அவள் கையடையாளம்.

ஏனோக் அந்தச் சாம்பல் கோட்டை எடுத்து மாட்டிப் பார்த்தான்.

"என்னை அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே, தபித்தா. அவங்க சொல்ற ஏழை நான்தானோ என்னவோ."

"கழட்டுங்க. எவனோ ஒருத்தன் குளிர்ல நடுங்கிட்டிருப்பான், இவருக்கு விளையாட்டு."

அவன் சிரித்துக்கொண்டே கழற்றினான். சிரிப்பு இருமலில் முடிந்தது. தேர்தல் புதன்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, மூட்டைகளைத் தானே ஒரு கைவண்டியில் கொண்டுபோய்க் கர்னலின் கட்சிச் சங்கத்தில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னான். வீட்டிலேயே கிடந்து அலுத்துப்போனவன். தபித்தா யோசித்து, "சரி, மழைக்கு முன்னாடி வந்துடுங்க" என்று அனுப்பிவைத்தாள்.

மழை வந்தது. அவன் வரவில்லை.

*

இருபத்திரண்டாம் வட்டத்து நட்புறவுச் சங்கம் இரண்டு மாடிக் கட்டடம். அதன் நிலவறைக்கு ஊரில் "கூண்டு" என்று பெயர். தேர்தலுக்குச் சில நாள் முன்பு வழியில் போகிற அன்னியர்கள், குடித்தவர்கள், தனியாக நடக்கிறவர்கள் எல்லாரும் அதற்குள் போவார்கள். தேர்தலன்று வெளியே வந்து வாக்களிப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மஞ்சள் சீட்டுக் கட்சிக்கும் பத்துத் தெரு தள்ளி ஒரு கூண்டு இருந்தது. அதை அவர்கள் "வாசக சாலை" என்பார்கள்.

ஞாயிறு காலை சங்கத்தின் வாசலில் ஒரு காவல்காரர் நின்றிருந்தார்.

"என் வீட்டுக்காரர் நேத்து இங்க கோட்டு குடுக்க வந்தாருங்க. திரும்பலை."

"உள்ள யாரும் இல்லம்மா."

தெருவோரம் நிலவறைக்குக் காற்றுக்காக வைத்த இரும்புக் கம்பி வழியே பாட்டும், குமட்டும் விஸ்கி வாடையும் வந்தன. பாட்டுக்கு நடுவில் ஒரு இருமல். இரண்டு சின்னது, ஒரு பெரியது, பிறகு மன்னிப்புக் கேட்பது போல ஒரு செருமல். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

"அது அவருதாங்க. உள்ள அடைச்சு வச்சிருக்காங்க."

காவல்காரர் பொறுமைசாலி. "கொஞ்சம் நிதானமா யோசிங்கம்மா. ஒரு எடத்துல ஆளைக் கடத்தி வச்சிருந்தா, அந்தக் கதவுல போலீஸ் நிப்பானா?"

"நிக்க மாட்டாருங்க."

"நான் நிக்கிறேன்ல?"

"நிக்கிறீங்க."

"அப்ப கடத்தல் இல்ல. வீட்டுக்குப் போங்க."

அவள் திரும்பி நடந்தாள். பாதித் தெருவில்தான் அந்தப் பேச்சில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று புலப்பட்டது. எங்கே என்று அவளால் விரல் வைக்க முடியவில்லை. காவல்காரர் அத்தனை மரியாதையாகப் பேசியிருந்தார்.

திங்கட்கிழமை மஞ்சள் கட்சியின் வக்கீல் ஸ்டோக்லியைப் பார்க்கப் போனாள். எதிரிக்கு எதிரி நமக்கு உறவு என்று யாரோ சொன்னார்கள். ஸ்டோக்லி எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கண்ணில் நீர் கட்டியது.

"அக்கிரமம். சுதந்தரமா பொறந்த ஒரு குடிமகனை எலி மாதிரி அடைச்சு வைக்கிறது. இதுக்காகத்தாம்மா எங்க கட்சி இருக்கு."

"அப்ப அவரை வெளியில கொண்டுவந்துடுவீங்களா?"

"வெளியிலயா?" வக்கீல் கைக்குட்டையை மடித்தார். "அவசரப்படாதீங்க. இப்பவே வெளிய வந்துட்டார்னா என்ன ஆகும்? அவர் ஒரு கள்ள ஓட்டும் போட்டிருக்க மாட்டார். அப்ப குத்தம் எங்க இருக்கு? எட்டு ஓட்டாவது போடட்டும். எட்டுக்குக் கீழ வழக்கு நிக்காது."

"அவருக்கு நெஞ்சு சரியில்லைங்க. நனைஞ்சா செத்துப்போயிருவாருங்க."

ஸ்டோக்லி இதைக் குறித்துக்கொண்டார். "அதுவும் வழக்குக்கு நல்லதுதான்" என்றார், மிகுந்த பரிவோடு.

*

புதன்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். வாக்குப் பதிவு தீயணைப்பு வண்டி நிறுத்தும் கொட்டகையில் நடந்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு ஜன்னல். உள்ளே தேர்தல் நடுவர் ஓபேத் ரிக்பி. வாக்காளர் கீழே ஒரு பெட்டிமேல் ஏறி, பெயர் சொல்லி, கட்சி அச்சடித்துக் கொடுத்த சீட்டை மேலே நீட்ட வேண்டும். நீலச் சீட்டு நூறடி தூரத்துக்குத் தெரியும் நீலம். மஞ்சள், அதற்கு மேலே மஞ்சள். யார் எதைக் கொண்டுபோகிறார்கள் என்பது ரகசியமாக இருந்தால் அது நேர்மையாகாது; இரண்டு கட்சிகளும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். நீலக் கட்சியினர் முழங்காலில் செருப்புத் தைக்கும் குத்தூசியைக் கட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மஞ்சள் சீட்டோடு வந்தவர்கள் தொடையில் ரத்தம் வழியத் திரும்பினார்கள். அதை ரிக்பியின் ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது. ஜன்னல் அவ்வளவு உயரம்.

ஒன்பது மணிக்கு ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் லெவின் டாஷீல். அடிமைத்தளையிலிருந்து விடுதலைப் பத்திரம் வாங்கிய கறுப்பன், தபித்தாவின் சந்துக்குப் பின்சந்தில் இருப்பவன். வண்டியிலிருந்து ஆறு பேரை இறக்கினார்கள். நான்காவதாக இறங்கியவன் ஏனோக். பித்தளைப் பொத்தான் கோட்டு. கண்கள் திறந்திருந்தன, உள்ளே யாரும் இல்லை. விஸ்கியில் அபின் கலந்திருப்பார்கள்.

அவனைப் பெட்டிமேல் ஏற்றினார்கள். பின்னால் நின்றவன் "ஹிராம் கோல்" என்று பெயர் சொன்னான். ஏனோக்கின் கையை ஒருவன் உயர்த்த, சீட்டு உள்ளே போனது. தபித்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜன்னலுக்கடியில் போய் நின்றாள்.

"ஐயா, அவர் ஹிராம் இல்லைங்க. ஏனோக் ப்ரூவிட். என் புருஷன்."

ரிக்பி மூக்குக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். "அம்மா, இந்த ஜன்னல்ல பொம்பளை பேசறதுக்குச் சட்டத்துல எடம் இல்ல. நீங்க பேசினது என் காதுல விழலைன்னு எழுதிக்கிறேன்." எழுதிக்கொண்டார்.

வண்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அரை மணியில் திரும்பி வந்தது. ஏனோக் இப்போது வெல்வெட்டு காலரில், ஜோனஸ் வெப் ஆக இருந்தான். அடுத்த சுற்றில் முழங்கை ஒட்டு. அதற்கடுத்து, கோடை காலத்து மெல்லிய லினன் கோட்டு. மழை வலுத்திருந்தது. லினன் அவன் தோளில் ஒட்டி எலும்பைக் காட்டியது.

ஒவ்வொரு கோட்டையும் தபித்தா அடையாளம் கண்டாள். இந்தப் பொத்தான் செவ்வாய் மாலை தைத்தது. இந்த ஒட்டுப் போடும்போது அவன் அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தன் கணவனை வேறு வேறு ஆளாகக் காட்டுவதற்குத் தானே தூங்காமல் உழைத்திருக்கிறோம் என்பது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நன்றாகத் தைத்திருக்கிறோம் என்ற எண்ணமும் கூடவே வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பிறகு அவள் மனம் சுருங்கி ஒரே ஒரு வேண்டுதலாயிற்று: அடுத்த சுற்றில் அந்தச் சாம்பல் கோட்டு அவனுக்குக் கிடைக்கட்டும். விடுதலையைக்கூட அவள் கேட்கவில்லை. ஃபிளானல் வைத்த கோட்டைக் கேட்டாள்.

வக்கீல் ஸ்டோக்லி குடை பிடித்து ஒரு பக்கம் நின்று விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஆட்சேபிக்கும் உரிமை உள்ளவர் அவர்.

"அஞ்சு ஆச்சுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவாங்க."

"இன்னும் மூணே மூணு, அம்மா. பல்லைக் கடிச்சுக்குங்க."

ஒன்பதாவது சுற்றில் அவர் முன்னே வந்து, தொண்டையைச் செருமி, ஆட்சேபித்தார். இவர் காலையிலிருந்து எட்டு முறை வாக்களித்தவர் என்றார்.  நடுவர் ரிக்பி பேனாவைக் கீழே வைத்தார்.

"வக்கீலய்யா, சட்டம் ஒரு ஆளை எப்படி அடையாளம் காணுது? பேரால. கோலத்தால. காலையில வந்தவருக்குப் பித்தளைப் பொத்தான். இவருக்குக் கொம்புப் பொத்தான். அவர் பேரு ஹிராம். இவர் பேரு ஆம்புரோஸ். ரெண்டும் ஒரே ஆளுன்னு நீங்க எதை வச்சுச் சொல்றீங்க?"

"முகத்தை வச்சு."

"முகமா." ரிக்பி புண்பட்டவர்போலத் தெரிந்தார். "ஒரு சுதந்தரக் குடிமகனோட முகத்தை உத்துப் பாக்க எனக்கு என்ன அதிகாரம்? நான் இருபது வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன். ஒருத்தர் முகத்தையும் நான் பார்த்ததில்ல. அதனாலதான் ரெண்டு கட்சியும் என்னை நம்புது. சரி, சத்தியம் கேப்போம்."

சத்தியம் கேட்டார். ஏனோக்கின் வலது கையைப் பின்னாலிருந்தவன் தூக்கினான். "தூக்கியாச்சு" என்று ரிக்பி பதிந்தார். ஸ்டோக்லி திருப்தியோடு குடையை மடித்தார். அவருக்கு வேண்டியது அந்தப் பதிவுதான்.

ஏனோக்கை இறக்கும் நேரத்தில் தபித்தா அவன் கையைப் பிடித்துவிட்டாள். கை கொதித்தது.

"என்னங்க. என்னைத் தெரியுதா?"

அவன் அவளைப் பார்த்தான். நாளெல்லாம் கேள்வி கேட்கப்பட்டவனின் பணிவு முகத்தில் வந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு சொன்னான்: "ஆம்புரோஸ் டில்."

அவனை இழுத்துப்போய் வண்டியில் ஏற்றினார்கள். தபித்தா வண்டி முன்னால் போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"லெவின், நீயாவது நிறுத்தக் கூடாதா?"

லெவின் அவளைப் பார்க்காமல் பேசினான். "நிறுத்தினா என் விடுதலைப் பத்திரத்தைக் கிழிச்சுப்போடுவாங்கம்மா. எனக்கு இங்க ஓட்டும் இல்ல, சாட்சிக் கூண்டும் இல்ல. ஓட்டு இல்லாததாலதான் நான் வண்டிக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். இருந்திருந்தா பின்னாடி கெடப்பேன்."

நான்கு மணிக்கு, பதினோராவது சுற்றில், ஏனோக் சாம்பல் கோட்டில் வந்தான். தபித்தா அதைத் தூரத்திலேயே பார்த்தாள். வேண்டியது கிடைத்துவிட்ட ஒரு கணத்து நிம்மதி, அவமானம் போல அவளுக்குள் எழுந்தது. அவன் பெட்டிமேல் ஏறினான். யாரும் உயர்த்தாமலே கையை உயர்த்தினான், பழகிவிட்டது. சீட்டு உள்ளே போனது. பிறகு அவன் பெட்டியோடு சாய்ந்தான்.

*

முதலில் இரண்டு கட்சிகளும் அவனைத் தங்கள் தியாகி என்றன. கர்னல் டார்ட் பெட்டிமேல் ஏறித் தொப்பியைக் கழற்றி, நெஞ்சுவலியைப் பொருட்படுத்தாமல் கடமை செய்து மாண்ட நீல வீரன் என்றார். ஸ்டோக்லி அதே பெட்டியின் இன்னொரு முனையில் ஏறி, கொடுங்கோன்மைக்குப் பலியான மஞ்சள் வீரன் என்றார். பிணம் நடுவில் மழையில் கிடந்தது. பிறகு பிணப் பரிசோதகர் வந்து பெயர் கேட்டார். அங்கேதான் சிக்கல்.

ரிக்பி பதிவேட்டைப் புரட்டினார். ஹிராம் கோல் வாக்களித்துவிட்டு நலமாகப் போயிருந்தார். ஜோனஸ் வெப்பும் அப்படியே. பதினோரு பேரில் யார் இறந்ததாக எழுதினாலும் மற்றப் பத்துப் பேரின் ஓட்டுமேல் சந்தேகம் விழும்.

"ஏனோக் ப்ரூவிட்னு எழுதுங்கய்யா" என்றாள் தபித்தா. அவள் ஜன்னலுக்கடியில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தாள். அதனால் அவள் பேசலாம் என்று ரிக்பி அனுமதித்தார்.

"அந்தப் பேர்ல இன்னைக்கு யாரும் இங்க வரலையேம்மா. வராதவர் எப்படி இங்க சாவார்?"

"நான் சொல்றேனே."

"நீங்க வாக்காளர் இல்ல."

"லெவின் பார்த்தான்."

இதற்குச் சிலர் சிரித்தார்கள்.

பரிசோதகர் எழுதினார்: பெயர் தெரியாத ஆண், சுமார் நாற்பது, கௌரவமான உடை. அந்தக் கடைசி வார்த்தை கர்னலுக்கு எதையோ ஞாபகப்படுத்தியது. "கோட்டு சங்கத்துச் சொத்து, தங்கச்சி. தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். லெவின் வண்டியைத் திருப்பி, ஏனோக்கைச் சட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

ஸ்டோக்லி வழக்குப் போட்டார். அதை விசாரிக்கச் சட்டசபை கூடுகிற ஜனவரி வரை பிணத்தைப் பனிக்கட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டனுப்பினார். தபித்தா பதில் சொல்லாமல் புதைத்தாள். டிசம்பரில் நீலக் கட்சி, மஞ்சள் கட்சியின் வாசக சாலையைப் பற்றி ஒரு வழக்குப் போட்டது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, நாட்டின் அமைதியை முன்னிட்டு இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொண்டன. ஸ்டோக்லி நேரில் வந்து சொன்னார்.

"கட்சி உங்க புருஷனை நெனைச்சுப் பெருமைப்படுதும்மா. பயன்படுத்திக்கத்தான் முடியல."

*

இரண்டு வருடம் கழித்து அடுத்த தேர்தல் வந்தது. மூட்டைகளும் வந்தன. கர்னல் சற்றுப் பருத்திருந்தார்.

"போன தடவை தச்சது அப்படியே நின்னுச்சு, தங்கச்சி. நடுவரே பாராட்டினார். பொத்தான்தான் கொஞ்சம் போயிருக்கு."

அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கலாம். பல இரவுகள் அதை மனதில் செய்து பார்த்திருக்கிறாள். ஆனால் திறந்திருந்த மூட்டையில் மேலாகவே அந்தச் சாம்பல் கோட்டு இருந்தது. காலருக்கு அடியில் சிவப்பு முடிச்சு. அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்தக் கோட்டு மட்டும் அவளிடம் ஒரு வாரம் கூடுதலாக இருந்தது. ஃபிளானலை வெளுத்துக் காயவைத்து மறுபடி தைத்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டாள். எவனோ ஒருத்தன் நடுங்கிக்கொண்டிருப்பான் என்ற பழைய பதிலே வந்தது. இம்முறை அது உண்மையாக இருந்தது.

தேர்தலன்று போய் ஜன்னலுக்கு எதிரே நின்றாள். அதே தூறல், அதே குத்தூசிகள், அதே ரிக்பி. மூன்றாவது சுற்றில் சாம்பல் கோட்டு இறங்கியது. உள்ளே இருந்தவன் இளைஞன், செம்பட்டை முடி, கப்பலிலிருந்து இறங்கி அதிக நாளாகாதவன் போல. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பெட்டிமேல் ஏற்றினார்கள். பின்னாலிருந்தவன் பெயர் சொன்னான்:

"ஏனோக் ப்ரூவிட்."

தபித்தா ஜன்னலை நோக்கி ஓர் அடி வைத்தாள். பிறகு ஸ்டோக்லியின் குரல் கேட்டது. "ஆட்சேபணை. ஏனோக் ப்ரூவிட் போன தேர்தல்ல செத்துட்டார்."

ரிக்பி பழைய பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். "அப்படி ஒரு சாவு இதுல இல்லையே. செத்தவர் பேர் தெரியாதவர்."

"அவர் சம்சாரமே அங்க நிக்கிறாங்க" என்றார் கர்னல், கை காட்டி. இரண்டு தடவை வேலை கொடுத்த தைரியத்தில் சிரித்தார். "அவங்களைக் கேளுங்க. இந்தக் காலத்துல பொம்பளை சொல்லுக்கும் மதிப்புக் குடுக்கணும்."

ரிக்பி யோசித்தார். வாக்கு ஒன்றைக் காப்பாற்றுவதற்காக என்றால் பேசலாம் என்று தீர்மானித்தார். "அம்மா, முன்ன வாங்க. உங்க புருஷன் பேர் ஏனோக் ப்ரூவிட்டா?"

"ஆமாங்க."

"இவர்தானா அவர்?"

தபித்தா அந்த இளைஞனைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி எங்கோ ஒரு வாசலில் இவன் இருமலைத் தெரிந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். இல்லை என்று சொன்னால் இவனைக் கீழே இறக்கி, வேறு கோட்டு மாட்டி, வேறு பெயரில் கொண்டுவருவார்கள்; லினன் கோட்டு இன்னும் வரவில்லை. இரண்டு வருடமாக அவள் உண்மையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக நின்றிருக்கிறாள். அதற்கு ஒரு வாசலிலும் இடம் கிடைக்கவில்லை.

"இவர்தாங்க" என்றாள்.

"சத்தியமா?"

அவள் வலது கையைத் தானே தூக்கினாள்.

ரிக்பி பதிந்தார். சீட்டு உள்ளே போனது. கர்னல் தலையசைத்தார். ஆட்கள் இளைஞனை வண்டிப் பக்கம் திருப்பினார்கள். தபித்தா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"எங்க கொண்டுபோறீங்க? என் புருஷன் ஓட்டுப் போட்டாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தங்கச்சி" என்றார் கர்னல் தாழ்ந்த குரலில். "இவனுக்கு இன்னும் எட்டுச் சுத்து இருக்கு."

"நடுவரய்யா" என்று அவள் ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "இவர் யாருன்னு எழுதியிருக்கீங்க?"

ரிக்பி பதிவேட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், குடைக்கடியில் காது தீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்டோக்லியைப் பார்த்தார். "ஏனோக் ப்ரூவிட்" என்றார் வேறு வழியில்லாமல். "இவரோட மனைவி தபித்தா. சத்தியத்தின் பேரில்."

பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் சற்றே விலகினார்கள். கர்னல் சாம்பல் கோட்டின் நுனியைப் பிடித்தார். "கோட்டு சங்கத்துச் சொத்து" என்றார்.

"என் புருஷன் கோட்டு" என்றாள் தபித்தா. "உள்ள இருக்கிறது என் பாவாடை."

அவள் அவனை நடத்திக் கூட்டிவந்தாள். அவன் கால்கள் தாமாக நடந்தன. அதிக தூரம் போகவில்லை, மூன்று தெரு. மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு கூரைக்கடியில் நிறுத்தி, காலரை உயர்த்திவிட்டு, அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"உங்க பேரு என்னங்க?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். அந்தப் பணிவு அவளுக்குத் தெரிந்த பணிவு.

"ஏனோக் ப்ரூவிட்."

"இல்லைங்க" என்றாள் அவள். "அது இல்ல. அவசரம் ஒண்ணும் இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மழை பெய்துகொண்டிருந்தது. அவன் யோசித்தான்.